அரை லிட்டரும் ஆறு பேரும்

ஒரு பெட்டி ஐஸ்கிரீம் எத்தனை பேருக்கு வரும்? நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதற்குப் பதில் சொன்னவர் அம்மா. இன்று பெட்டியின் பின்பக்கம், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நடுவே, பொடி எழுத்தில் பதில் அச்சாகியிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கேட்டால் சமையல் கான்ட்ராக்டர் மூன்றாவதாக ஒரு கணக்குச் சொல்வார். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. யார் சொல்வது சரி என்று பார்க்கப் போனால், நம் சாப்பாட்டுப் பழக்கம் எவ்வளவு மாறிவிட்டது என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

தலையை எண்ணி வெட்டிய காலம்

தமிழ்நாட்டில் ஐஸ்கிரீம் வெகுகாலம் பங்கு பிரிக்கத் தேவையில்லாத பண்டமாகவே இருந்தது. குச்சி ஐஸ் ஆளுக்கு ஒன்று. பள்ளிக்கூட வாசலில் மணியடித்தபடி நிற்கும் தள்ளுவண்டியில் பால் ஐஸ், சேமியா ஐஸ், கப் ஐஸ் எல்லாமே தனி ஆள் கணக்குதான். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் 13,000 ரூபாய் முதல் போட்டுச் சென்னை ராயபுரத்தில் தொடங்கிய தொழிலும் குச்சி ஐஸில்தான் ஆரம்பித்தது. அதுதான் பின்னால் அருண் ஐஸ்கிரீமாக வளர்ந்து ஊர் ஊராகக் கடை திறந்தது. ‘ஃபேமிலி பேக்’ என்று ஒன்று வீட்டுக்குள் வந்த பிறகுதான் யாருக்கு எவ்வளவு என்ற வழக்கும் வந்தது.

அந்த ஃபேமிலி பேக் அரை லிட்டர். செங்கல் வடிவத்தில் ஓர் அட்டைப் பெட்டி. பெரும்பாலும் வெனிலா, கொஞ்சம் செலவு செய்தால் வெனிலா, ஸ்ட்ராபெரி, சாக்லேட் என்று மூன்று பட்டை. கடைக்காரர் செய்தித்தாளை நாலைந்து மடிப்பாகச் சுற்றி, நூல் கட்டிக் கொடுப்பார். வழியில் யாரிடமும் நின்று பேசாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வந்ததும் சாப்பிட்டுவிடவும் வேண்டும். ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்க மைனஸ் 18 டிகிரி அளவுக்குக் குளிர் தேவை. அன்றைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உச்சியில் இருந்த சின்ன ஃபிரீசர் அறை அந்தக் குளிரைத் தொடாது. அதில் ஐஸ் கட்டி உறையும். ஐஸ்கிரீம் இளகத்தான் செய்யும். நடுவில் கரண்ட் வேறு போகும். இளகியது மறுபடி உறைந்தால் வழவழப்பு போய், பல்லில் நறநறவென்று படும். ஆகவே ‘மிச்சத்தை நாளைக்கு’ என்ற பேச்சே அன்று கிடையாது. மிச்சம் வைக்க முடியாத பண்டத்தை மீதி வராமல் வகுத்தாக வேண்டும்.

அந்த வகுத்தலைப் பார்த்தவர்களுக்கு அதன் நுணுக்கம் தெரியும். அட்டையை நான்கு பக்கமும் பிரித்து விரித்தால் ஐஸ்கிரீம் தட்டில் கட்டியாக நிற்கும். அம்மா கத்தியை வெந்நீரில் முக்கி, துணியில் ஒரு துடை துடைத்து, குறுக்கே வெட்டுவார். நீளவாக்கில் வெட்டக் கூடாது. வெட்டினால் ஒருவனுக்கு சாக்லேட் மட்டும் போய்ச் சேரும், இன்னொருவனுக்கு வெனிலா மட்டும் கிடைக்கும், அன்று இரவு வீடு இரண்டாகிவிடும். குறுக்கே வெட்டினால்தான் எல்லாத் துண்டிலும் மூன்று நிறமும் இருக்கும். முதலில் நட்டநடுவே ஒரு வெட்டு. பிறகு ஒவ்வொரு பாதியும் மூன்று. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி வெந்நீருக்குப் போய் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்திருந்தால் பாதி நான்காகும். எட்டுக்கு மேல் போனால் துண்டு நிற்காது, மடிந்து விழும். அட்டையில் ஒட்டியதை வழித்துத் தின்னும் உரிமை கடைக்குட்டிக்கு.

ஆறு துண்டு போட்டால் ஒரு துண்டு 83 மி.லி. எட்டுத் துண்டு போட்டால் 62 மி.லி. அன்று யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஆளை எண்ணினார்கள், கட்டியை வகுத்தார்கள், அவ்வளவுதான்.

பந்தியில் கப் போய் ஸ்கூப் வந்தது

கல்யாணச் சாப்பாட்டில் இனிப்பு என்றால் பாயசம். அதற்கு அளவு கரண்டி. கேட்டவருக்கு இன்னொரு கரண்டி. வரவேற்பு விருந்துகளில் ஐஸ்கிரீம் நுழைந்தபோது அது கப்பாகத்தான் நுழைந்தது. மூடி போட்ட 50 மி.லி. கப், அதோடு தட்டையான ஒரு மரக்குச்சி. சமையல்காரர்களுக்கு இது வசதி. அவர்கள் எதையும் இலைக் கணக்கில்தான் போடுவார்கள். ஐநூறு இலையென்றால் ஐநூறு கப், கைக்காவலுக்கு ஐம்பது கூடுதல். கணக்கு கெடுவது ஓர் இடத்தில்தான்: பிள்ளைகள் பெயர் சொல்லாமல் இரண்டாம் முறை வந்து நிற்பார்கள். அதற்காகவே தெர்மாகோல் பெட்டிக்குப் பக்கத்தில் கறாரான ஒரு சித்தப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைப்பது வழக்கம். மறுநாள் காலையில் மிஞ்சிய கப்பை எண்ணினால், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இன்று பல மண்டபங்களில் கப்புக்குப் பதிலாக 4 லிட்டர் பேக்கும் ஸ்கூப்பும் வந்துவிட்டன. கண்ணெதிரே உருட்டிப் போட்டால் பார்வைக்குப் பகட்டு. மேலே குலாப் ஜாமூனோ பழத்துண்டோ சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கு சிக்கலாகிவிட்டது. ஸ்கூப் 60 மி.லி. பிடிக்கும் என்று வையுங்கள். 4,000ஐ 60ஆல் வகுத்தால் 66 பேர். வீட்டுக்காரர் இப்படித்தான் காகிதத்தில் போட்டுக்கொண்டு வருவார். கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். “நாலு லிட்டருக்கு அம்பது பேருன்னு வெச்சுக்குங்க சார். அதுக்கு மேல இழுத்தா கடைசிப் பந்தியில நான்தான் பேச்சு வாங்கணும்” என்பார். அவர் கூட்டி விற்கப் பார்க்கிறார் என்று நினைப்போம். ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

காணாமல் போகும் அந்தப் பதினாறு பேரின் பங்கு காற்று. பால், கொழுப்பு, சர்க்கரை சேர்ந்த ஐஸ்கிரீம் கலவை உறைவதற்கு முன் லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ எடை இருக்கும். அதை உறைய வைத்துக் கடையும்போது இயந்திரம் காற்றை உள்ளே ஏற்றுகிறது. காற்று ஏறவில்லையென்றால் அது பல் பதியாத பால் கட்டி. ஏறினால்தான் மென்மை. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது: பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையாத ஐஸ்கிரீம் ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும். திருப்பிச் சொன்னால், பெட்டியில் பாதிக்கு மேல் காற்றாக இருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை.

ஸ்கூப் அந்தக் காற்றை நசுக்குகிறது. பெட்டியில் பஞ்சுபோல இருந்தது, உலோகக் கிண்ணத்தில் அழுத்தி உருட்டும்போது இறுகுகிறது. அதனால் கிண்ணத்துக்குள் 60 மி.லி. போனாலும் பெட்டியில் அதைவிடப் பெரிய பள்ளம் விழுகிறது. அதோடு ஸ்கூப்பின் விளிம்புக்கு மேல் கூம்பாக ஏறுவது, பெட்டியின் மூலையிலும் அடியிலும் தங்குவது, கடைசியில் குழம்பாகிப் போவது எல்லாம் சேர்ந்தால் ஆளுக்கு 80 மி.லி. ஆகிவிடும். 4,000ஐ 80ஆல் வகுத்தால் 50. கான்ட்ராக்டர் வகுத்தல் போடவில்லை. அனுபவத்தில் அந்த எண்ணுக்கு வந்து நின்றிருக்கிறார்.

பரிமாறுகிறவர் கையையும் கவனிக்க வேண்டும். ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் பேக் பாறையாக இருக்கும். ஸ்கூப் அதில் சுரண்டத்தான் முடியும். பாதி உருண்டைதான் வரும். முதல் பந்திக்காரர்கள் “இவ்வளவுதானா?” என்று பார்ப்பார்கள். அரை மணி கழித்து அதே பேக் இளகி, ஸ்கூப் முழுக்க நிறைந்து கனமாக விழும். பின்னால் வந்தவருக்கு இரட்டைப் பங்கு. விவரம் தெரிந்த ஆள் பேக்கைச் சில நிமிடம் முன்னதாக வெளியே எடுத்து வைப்பார். ஸ்கூப்பைத் தண்ணீரில் முக்கியதும் ஓர் உதறு உதறுவார். ஆழமாகத் தோண்ட மாட்டார். மேற்பரப்பில் நீளமாக இழுத்து உருட்டுவார். அவர் கையில் 4 லிட்டர் 55 பேருக்கு வரும். புதுப் பையன் கையில் 40 பேருக்குக்கூட வராது.

இந்த ஸ்கூப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆல்ஃபிரட் கிரேல் என்ற கறுப்பினத்தவர் 1897இல் காப்புரிமை வாங்கிய கருவி இது. ஐஸ்கிரீம் கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுப்பதையும், பரிமாற இரண்டு கை தேவைப்படுவதையும் பார்த்து, ஒரே கையால் எடுத்து ஒரே கையால் தள்ளிவிடும்படி அவர் இதை அமைத்தார். அங்கே தொழில்முறை ஸ்கூப்புகளின் மேல் 8, 16, 20 என்று எண் பொறித்திருப்பார்கள். அது ஸ்கூப்பின் அளவு அல்ல. ஒரு குவார்ட், அதாவது 946 மி.லி.யிலிருந்து எத்தனை உருண்டை வரும் என்ற எண்ணிக்கை. 16ஆம் எண் ஸ்கூப் என்றால் 16 உருண்டை, ஒவ்வொன்றும் 59 மி.லி. எண் ஏற ஏற உருண்டை சிறுக்கும். எத்தனை பேருக்கு வரும் என்ற கேள்விக்கான பதிலைக் கரண்டியின் மேலேயே பொறித்துவிட்டார்கள்.

பெட்டி பேச ஆரம்பித்தது

பெட்டியின் மேலேயே பதிலை அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் அமெரிக்காதான். 1990இல் ஊட்டச்சத்து லேபிள் சட்டம் நிறைவேறி, 1993இல் அதன் விதிகள் வந்தன. ஐஸ்கிரீமுக்கு ஒரு பரிமாறல் அரை கப், அதாவது 118 மி.லி. என்று வைத்தார்கள். 473 மி.லி. கொண்ட பைன்ட் டப்பாவில் ‘நான்கு பரிமாறல்’ என்று அச்சானது. அரை கப் என்ற அளவு 1970களிலும் 80களிலும் மக்களிடம் கேட்டெடுத்த உணவுக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்தது.

2016 மே மாதம் அந்த விதி மாறியது. ஒரு பரிமாறல் இப்போது கப்பில் மூன்றில் இரண்டு பங்கு, 158 மி.லி. பெரிய நிறுவனங்களுக்கு 2020 ஜனவரி 1 வரை அவகாசம், சிறியவற்றுக்கு இன்னும் ஓராண்டு. அதே பைன்ட் டப்பாவில், உள்ளே ஒரு சொட்டுக்கூட மாறாமல், நான்கு என்ற எண் மூன்றாயிற்று. அரசு அதிகம் சாப்பிடச் சொல்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு. விஷயம் அதுவல்ல. அந்தச் சட்டத்தில் பரிமாறல் அளவு என்பது ‘இவ்வளவு சாப்பிடு’ என்ற அறிவுரை கிடையாது. மக்கள் ஒரு வேளைக்கு வழக்கமாக எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதன் பதிவு. சாப்பிடும் அளவு கூடியது, அச்சும் கூடியது. பைன்ட்டை ஒரே ஆள் ஒரே மூச்சில் முடிப்பதும் அங்கே சாதாரணம் என்பதால், ஒரு பரிமாறலுக்கு ஒரு பத்தி, முழு டப்பாவுக்கு ஒரு பத்தி என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும் என்றும் விதித்தார்கள்.

இன்னொரு பக்கம் பெட்டி சுருங்கியது. அமெரிக்க வீடுகளின் வழக்கமான ஐஸ்கிரீம் பெட்டி அரை காலன், 1.89 லிட்டர். 2000க்குப் பிறகு பல நிறுவனங்கள் விலையை ஏற்றாமல் அளவைக் குறைத்தன. முதலில் 1.66 லிட்டர், பிறகு 1.42 லிட்டர். அகலமும் உயரமும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருந்ததால் எடுத்துப் போனவர்கள் பலருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பழைய அரை காலன் பெட்டி பழைய கணக்கில் 16 பரிமாறல். இன்றைய 1.42 லிட்டர் பெட்டி இன்றைய கணக்கில் 9. பெட்டி சிறுத்ததும் பங்கு பெருத்ததும் சேர்ந்து, ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த பதினாறு பேரில் ஏழு பேரை எழுப்பி அனுப்பிவிட்டன.

நம் பெட்டி சொல்வது

இந்தியாவில் ஐஸ்கிரீம் தயாரிப்பு வெகுகாலம் சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1997இல் அந்த ஒதுக்கீடு நீங்கியது. பெரிய நிறுவனங்கள், பெரிய விளம்பரம், தெருமுனைக் கடை வரை ஃபிரீசர் என்று எல்லாம் வந்தன. வீட்டிலும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வந்து, ஐஸ்கிரீம் வாரக் கணக்கில் தாங்க ஆரம்பித்தது. அட்டைப் பெட்டியின் இடத்துக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வந்தது. தீர்ந்த பிறகு அதில் இட்லி மாவோ கறிவேப்பிலையோ இருக்கும்.

லேபிளும் வந்தது. 2020இல் வெளியான இந்திய லேபிள் விதிகளின்படி, 100 கிராமில் என்ன இருக்கிறது என்பதோடு, ஒரு பரிமாறல் ஓர் ஆளின் அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரைக்கு வைத்திருக்கும் அளவுகோல் 50 கிராம். ஆனால் ஐஸ்கிரீமுக்கு ஒரு பரிமாறல் இத்தனை மி.லி. என்று அமெரிக்காவைப் போல ஒரே அளவைக் கட்டிப் போடவில்லை. ஆகவே நிறுவனமே ஓர் அளவைச் சொல்கிறது. சின்ன அளவாகச் சொன்னால் சர்க்கரைச் சதவீதம் குறைவாகத் தெரியும். ‘எத்தனை பேருக்கு’ என்ற எண் பெரிதாகத் தெரியும். விற்பவருக்கு இரண்டும் நல்லதுதான்.

போட்டுப் பாருங்கள். ஒரு பரிமாறல் 65 மி.லி. என்று அச்சிட்டிருக்கிறது என்போம். எடை ஏறக்குறைய 36 கிராம். நூறு கிராமுக்கு 20 கிராம் சர்க்கரை என்று கொண்டால் இதில் 7 கிராம். நாள் அளவில் 14 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இரவு ஒன்பதரை மணிக்கு டிவிக்கு முன்னால் கிண்ணத்தில் விழுவது ஒரு பரிமாறலா? இரண்டு குழிக்கரண்டி போட்டு, ‘இன்னும் கொஞ்சம்’ என்று மூன்றாவதும் போட்டால் 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். 700 மி.லி. டப்பா லேபிள் கணக்கில் பத்துப் பேருக்கு மேல். வீட்டில் நால்வர் இரண்டு நாளில் முடித்துவிடுகிறோம்.

மாறியது இதுதான். அன்று எத்தனை ஆள் என்பது முதலில் நின்றது. பங்கு அதற்கேற்ப அமைந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததால் பங்கு கண்ணெதிரே இருந்தது. ஒருவன் கூட எடுத்தால் இன்னொருவனுக்குக் குறையும். இன்று டப்பா ஃபிரீசரில் இருக்கிறது. அவரவர் நேரத்துக்கு அவரவர் திறந்து எடுக்கிறோம். பங்காளி எதிரில் இல்லை, அளவும் இல்லை. அந்த இடத்தில்தான் லேபிள் வந்து உட்கார்ந்து எண் சொல்கிறது.

பழைய காலம் பொற்காலம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஐஸ்கிரீம் அபூர்வமாக இருந்ததால்தான் அன்று பங்கு கறாராக இருந்தது; மாதத்துக்கு ஒரு துண்டு கிடைக்காத வீடுகளே அதிகம். இன்று கூலி வேலைக்குப் போகிறவரும் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு டப்பா வாங்கிப் போக முடிகிறது. எடை, கொழுப்பு, சர்க்கரை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சட்டமும் இருக்கிறது. இது முன்னேற்றம்தான். நாம் கைவிட்டது வகுத்தலை மட்டும்.

அதை மீட்பது எளிது. வீட்டுக்கானாலும் விருந்துக்கானாலும் பெட்டியின் மி.லி.யை 80ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் ஆறு பேருக்கு, 700 மி.லி. எட்டு அல்லது ஒன்பது பேருக்கு, ஒரு லிட்டர் பன்னிரண்டு பேருக்கு, 4 லிட்டர் ஐம்பது பேருக்கு. கூடவே வேறு இனிப்பு இருந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். கூட்டத்தில் பிள்ளைகள் அதிகமென்றால் ஒரு பெட்டி சேர்த்து வாங்குவது நல்லது.

கடையில் இரண்டு பெட்டி ஒரே விலையில் இருந்தால், எடை அச்சிட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே லிட்டரில் கனமாக இருப்பதில்தான் ஐஸ்கிரீம் அதிகம், இலேசாக இருப்பதில் காற்று அதிகம். பின்பக்கம் போட்டிருக்கும் பரிமாறல் எண்ணிக்கையைச் சர்க்கரை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி மட்டும் விருந்தாளியைக் கூப்பிடாதீர்கள்.